மே மாதத்தில் எந்த ஆற்றங்கரை? கல்பாத்தி, சித்தூர், ஒற்றப்பாலம்: வரைபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "சித்தி, மே மாசம் நாங்க நாலு பேர் வரலாம்னு இருக்கோம். மூணு நாள். ஆத்தங்கரையில உக்காந்து வரையோணும். கல்பாத்தி போறதுங்களா, சித்தூருக்கே வந்தர்றதுங்களா, இல்ல ஒற்றப்பாலம் போயிரலாங்களா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்துகொண்டு 15 கோடைகளாக இதே மாவட்டத்தில் இருக்கும் இந்த மூன்று கரைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். ஆகவே அவனுக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போட்டோ எடுக்க வருபவருக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். நமக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். மடக்கு ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் டப்பாவை வைத்து, பென்சிலில் ஒரு கோட்டுருவம் போட்டு முடிப்பதற்குள்ளேயே வெயில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். அதனால் கோடையில் இடம் தேடும்போது எது அழகு என்று பார்த்துப் பயனில்லை. எங்கே இரண்டு மணி நேரம் உட்கார முடியும் என்று பாருங்கள். உட்கார நல்ல இடம் கிடைத்துவிட்டால் எதிரே வரைவதற்கு ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். எதிரே அழகு இருந்தும் உட்கார முடியாத இடத்தில் படம் பாதியில் நின்றுவிடும்.

பாலக்காட்டு வெயிலைப் பொள்ளாச்சிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் நம் பக்கத்துக் காய்ந்த காற்று கேரளத்துக்குள் நுழைகிறது. மற்ற கேரளம் புழுங்கும்போது பாலக்காடு காயும். 2024 ஏப்ரல் கடைசியில் இங்கே 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது. கட்டட வேலை செய்து உரமேறிய உடம்புக்கே அந்த விதி என்றால், ஏசி அறையிலிருந்து வந்து உட்காரும் நமக்கு அது இன்னும் அதிகமாகவே பொருந்தும். வெளி வேலையைக் காலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் கூரைக்குக் கீழே. சாயங்காலம் 4.30-க்கு மேல் மீண்டும் வரலாம், மழை விட்டால்.

அடுத்தது சூரியன் நிற்கும் திசை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஓவியம் கற்றுத்தருபவர்கள் எல்லோரும் "வடக்குப் பார்த்து உட்கார், வெளிச்சம் மாறாது" என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது ஐரோப்பாவில் உருவான பாடம். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். பாலக்காடு இருப்பது ஏறக்குறைய 10.8 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 18 வாக்கில் இங்கே நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு முற்றத்தில் ஒரு கம்பை நட்டுவைத்துப் பார்த்தால் உச்சிப்பொழுதில் நிழல் காலடியிலேயே அடங்கிப்போகும். அதன் பிறகு ஆகஸ்ட் 24 வாக்கு வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். மே நடுவில் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை ஒரு நிமிஷம்கூடத் தெற்குப் பக்கம் வருவதில்லை. அந்த மாதத்தில் வடக்குப் பார்த்து உட்காருகிறவர் நாள் முழுக்கச் சூரியனின் முகத்தில் விழிக்கிறார்.

ஆகவே மே மாதத்துக்கான கணக்கு தலைகீழ். தெற்குப் பார்த்து உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சுவரின் தென்புறத்தில் அன்றைக்கு முழுவதும் நிழல் இருக்கும், நண்பகலில் மட்டும் ஒரு சாணுக்குச் சுருங்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று ஊர்களில் எது எப்போது ஒத்துவரும் என்பது தானாகத் தெரியும்.

கல்பாத்தியை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு டவுனை ஒட்டியே இருக்கிறது, போய்ச்சேர ஆட்டோ போதும். "காசியில் பாதி கல்பாத்தி" என்பார்கள். விசுவநாதசுவாமி கோயில் ஆற்றின் தென்கரையில், தெரு மட்டத்திலிருந்து படி இறங்கிப் போகும்படி இருக்கிறது. கோயிலைத் தாண்டி இறங்கினால் ஆற்றுப் படித்துறை. முதல்முறை வருபவர்கள் எல்லோரும் நேராக அந்தப் படித்துறைக்குத்தான் போவார்கள். காசிப் படித்துறைகளின் ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண் அங்கேதான் இழுக்கும். ஆனால் தென்கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பது என்றால் வடக்குப் பார்த்து உட்காருவது. டிசம்பரில் அது அருமையான இடம். மே மாதத்தில் காலை 8 மணிக்கே தண்ணீரிலிருந்து ஒளி தெறித்துக் கண் கூசும். எதிர்க்கரை மரங்கள் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். கல் படி சூடேறிவிட்டால் உட்காரவும் முடியாது.

இன்னொன்று, தண்ணீர். மலம்புழை அணை கட்டி 1955-இல் திறந்த பிறகு இந்த ஆற்றின் கோடைத் தண்ணீர் பெரும்பாலும் அணைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. மே மாதத்தில் கல்பாத்திப் புழை சில இடங்களில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடும், மீதியெல்லாம் புல்லும் செடியும். ஆறு வரைய என்று கல்பாத்திக்குப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஆனால் தெரு இருக்கிறது. கிழக்கு மேற்காக நீளும் அக்கிரகாரத் தெருவில், வடக்கு வரிசை வீடுகளின் திண்ணை தெற்கு பார்த்தது. மே மாதம் முழுக்க அந்தத் திண்ணையில் நேர் வெயில் விழாது. எதிரே தெற்கு வரிசை வீடுகளின் முகப்பில் வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டு விளிம்பின் நிழல் சுவரில் ரம்பப் பல் மாதிரி விழுந்து, காலையில் குட்டையாகவும் உச்சியை நெருங்க நெருங்க நீளமாகவும் நகரும். நாம் நிழலில், வரைவது வெளிச்சத்தில். இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஓட்டுக் கூரைகள், வாசலில் காலையில் போட்ட கோலம், நடுவில் ஒரு சைக்கிள். பெர்ஸ்பெக்டிவ் கோடுகளைப் பழகுபவர்களுக்கு இதற்கு மேல் வேறு பாடம் வேண்டியதில்லை. சில வீடுகள் காங்கிரீட்டாக மாறிவிட்டன. ஆனாலும் ஓட்டு வரிசை தொடர்ச்சியாக இருக்கும் நீளங்கள் இன்னும் உண்டு.

திண்ணை ஒருவருடைய வீடு என்பதை மறக்கக் கூடாது. கேட்டுவிட்டு உட்கார வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு நான் தெருவோரத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த வீட்டு மாமி வெளியே வந்து, "வெயில்ல எந்துக்காக்கும் ஒக்காந்துண்டிருக்கேள்? திண்ணைல வந்து ஒக்காருங்கோ" என்றார். சங்கோசத்தோடு ஏறி உட்கார்ந்தேன். அரை மணி கழித்து ஒரு டம்ளர் சம்பாரம், அதாவது நீர்மோர், வந்தது, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டு. மாமி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அந்த மூணாவது ஆத்துத் தூண் ரெட்டைத் தூணாக்கும், ஒத்தையா போட்டிருக்கேள், கேட்டேளா" என்றார். திரும்பிப் பார்த்தேன், உண்மைதான். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு இருக்கும் துல்லியம் வந்துபோகிறவருக்கு வராது.

தேர்த் திருவிழா நவம்பரில்தான் என்பதால் மே மாதத்தில் கூட்டத் தொல்லை கிடையாது. காலை 10 மணிக்கு மேல் வேறெங்கும் உட்கார முடியாத நேரத்துக்குக் கல்பாத்தித் திண்ணையை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சித்தூர். பாலக்காட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நமக்கு வீட்டுக்குப் பக்கம் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊர் ஊராக உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில்தான் சொல்கிறேன், கோடைக்கு என் முதல் ஓட்டு சித்தூருக்கே.

முதல் காரணம் தண்ணீர். சித்தூர்ப் புழைக்கு ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும். கணக்கு வருஷம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அந்தத் தண்ணீர் மூலத்தறையில் தடுக்கப்பட்டுக் கால்வாய்களுக்குப் பிரிகிறது, மிச்சம் ஆற்றில் வருகிறது. இரண்டு மாநில விவசாயிகளும் ஒவ்வொரு கோடையிலும் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். வரைகிறவருக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது இவ்வளவுதான்: மே மாதத்திலும் சித்தூர்ப் புழையில் தண்ணீர் இருக்கலாம், இருந்தாலும் அது வானத்தைப் பார்த்து வருவதில்லை, மேலே மதகு திறப்பதைப் பார்த்து வருகிறது. திறந்துவிட்ட நாள்களில் மட்டம் சட்டென்று ஏறும். நடு ஆற்றுப் பாறையில் போய் உட்காராதீர்கள். கரையிலேயே இருங்கள். முந்தின நாள் பார்த்த மணல்திட்டு மறுநாள் இல்லாமல் போய், பாதியில் விட்ட படத்தை முடிக்க முடியாமல் நான் திரும்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணீர் விளிம்பை எப்போதும் முதல் உட்காரலிலேயே வரைந்து முடித்துவிடுகிறேன்.

ஊர்க்காரர்கள் இந்த ஆற்றைச் சோகநாசினி என்பார்கள், துக்கத்தை நீக்குபவள் என்று அர்த்தம். தெக்கே கிராமத்தில் பழைய மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடம் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மலையாளத்தின் ஆசான் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்று சொல்கிறார்கள். அந்தப் பக்கம் மர நிழலும் அமைதியும் உண்டு. கிராமத்துக்குள்ளும் ஓட்டு வீட்டு வரிசைகள் இருக்கின்றன, கல்பாத்தி அளவுக்கு நீளம் இல்லாவிட்டாலும். மரியாதையாகக் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தமிழும் தாராளமாக எடுபடும்.

என்னைச் சித்தூரில் கட்டிப்போடுவது தெற்கே தெரியும் நெல்லியாம்பதி மலைதான். ஆற்றின் வடகரையில் ஓர் இடம் பிடித்துத் தெற்குப் பார்த்து உட்கார்ந்தால், காலையில் சூரியன் இடது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும். மரத்தின் நிழல் நம் மேல் விழுந்து தண்ணீர் விளிம்பு வரை போகும். எதிரே ஆறு, அதற்கப்புறம் அறுவடை முடிந்து காய்ந்த வயல், பனைகள், கடைசியில் மலை. எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் நம் பக்கத்திலிருந்தே விழுகிறது.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்த மலை இருக்கிற இடமே தெரியாது, தூசுப் புகைக்குள் போய்விடும். மே மாதத்தில் இரவு ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை 6.30 மணிக்குப் போய்ப் பாருங்கள். மலை நாலு கிலோமீட்டர் முன்னால் நடந்து வந்து நின்ற மாதிரி இருக்கும். பாறை மடிப்பு ஒவ்வொன்றும் நீலத்தில் தனித்தனியாகத் தெரியும். 8.30-க்குள் மெல்ல வெளுக்க ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்காக இரவு மழைச் சத்தம் கேட்கும்போதே பையை எடுத்துவைத்துவிடுவேன். மலைக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு ஒரு துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு போதும், தண்ணீர் நிறைய விட்டு. தூசு நாளில் சியன்னாவைக் கூட்ட வேண்டும், மழைக்கு மறுநாள் அதை மறந்தேவிடலாம்.

பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத் தவறாக வரைகிறார்கள். முதலில் நானும் தென்னைக்கு வரைவது போலவே ஓலையை வளைத்து விட்டேன். பனை ஓலை வளையாது. கை விரித்தது போல் விறைப்பாக நிற்கும், காற்றில் முழு ஓலையும் ஒன்றாகத் திரும்பும். திரும்பும்போது ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அடியில் காய்ந்த மட்டைகள் தொங்கி ஒரு பழுப்புப் பாவாடை கட்டியிருக்கும். தண்டு கறுப்பு என்று பெயர்தானே தவிர, வெயில் பட்ட பக்கம் சாம்பல், நிழல் பக்கம் ஊதா கலந்த பழுப்பு. உண்மையான கறுப்பு ஓலைகள் தண்டோடு சேரும் கழுத்தில் மட்டும்தான். அந்தக் கழுத்தைக் கவனித்து இருட்டாக்கிவிட்டால் பாதிப் பனை வந்துவிடும்.

ஒற்றப்பாலமும் அதை அடுத்துள்ள ஷொர்ணூரும் வேறு மாதிரி. கல்பாத்திப் புழையும் சித்தூர்ப் புழையும் பறளியில் ஒன்றாகச் சேர்ந்து, மாயன்னூர்ப் பக்கம் காயத்ரிப் புழையும் வந்து கலந்த பிறகு பாரதப்புழை அகன்றுவிடுகிறது. ஆனைமலையில் பிறந்து பொன்னானியில் கடலில் சேரும் 209 கிலோமீட்டர் ஆறு, நிளா என்று கவிஞர்கள் கொண்டாடிய ஆறு. மே மாதத்தில் அங்கே நிற்பவருக்குக் கண்ணில் படுவது மணல்வெளி, நடுநடுவே ஆளுயரப் புல், எங்கோ ஓர் ஓரமாக ஒரு நீர்க்கோடு. மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகி, புல்லும் புதரும் ஏறிவிட்டன. இதைப் பார்த்துத் துக்கப்படாதவர் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் அந்த வெட்டவெளியில் ஒரு பிரம்மாண்டம் இருக்கிறது. ஷொர்ணூரில் 1902-இல் கட்டிய பழைய கொச்சிப் பாலம் 2011-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இடிந்த பாலம், பக்கத்தில் புதுப் பாலம், ரயில் பாலத்தில் போகும் வண்டி, கீழே மேயும் மாடுகள், இவ்வளவும் ஒரே சட்டத்துக்குள் வரும். வரைகிறவருக்கு ஆசை வராமல் இருக்காது.

ஆனால் நிழல் இல்லை. எனக்கு அது நன்றாகவே புரிந்த நாள் ஒன்று உண்டு. ஏப்ரல் மாதம், பாலத்தை அருகிலிருந்து வரைய வேண்டும் என்று மணலில் நடந்துபோய் உட்கார்ந்தேன். காலை 7 மணிக்கு மணல் குளிர்ச்சியாக இருந்தது. வேலை ஓடியதில் நேரம் தெரியவில்லை. 11 மணி ஆகும்போது தலை வலித்தது, அப்புறம் வேர்ப்பது நின்றுவிட்டது. கை நடுங்கி பிரஷ் கீழே விழுந்தபோதுதான் எழுந்தேன். கரைக்குத் திரும்பும் அந்தக் கொஞ்ச தூரம் முடிவில்லாமல் நீண்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு சேச்சி கையைப் பிடித்து மரத்தடியில் உட்காரவைத்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தார். வேர்வை நின்றுபோவது ஆபத்தின் அறிகுறி என்று பிறகு டாக்டர் சொன்னார். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை குடியுங்கள், கூடவே ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மணலுக்குள் போகவே போகாதீர்கள்.

சாயங்காலம் போகலாமே என்று கேட்கலாம். ஆறு மேற்குப் பார்த்து ஓடுவதால் அஸ்தமனம் அங்கே மிக அழகு, தண்ணீர்க் கோடு முழுக்கச் செம்பாகிவிடும். ஆனால் ஏப்ரல், மே மாதத்துக் கோடை இடி பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள்தான் அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு ஆண்டும் எச்சரிக்கிறது. அரைக் கிலோமீட்டர் மணல்வெளியில் உயரமாக நிற்பது நாமும் நம் குடையும் மட்டும்தான் என்றால் அங்கே இருக்கக் கூடாது. மேகம் கட்டுவதைப் பார்த்தால் கிளம்பிவிட வேண்டும். அதனால் ஒற்றப்பாலம் என்றால் காலை 6 முதல் 8.30 வரை, கரையிலிருந்தே, அவ்வளவுதான்.

அங்கே போவதானால் சாயத்தையே எடுத்துப் போகாதீர்கள் என்பேன். ஒரு பேனா, ஒரு நோட்டு. அந்த மணல்வெளியை நிறத்தால் நிரப்பப் போனால் வெறும் பழுப்பாகிவிடும், கோடு அதைப் பிடித்துவிடும். இந்த ஆறு கடலில் சேரும் பொன்னானியில்தான் 1925-இல் ஓவியர் நம்பூதிரி பிறந்தார். 2023-இல் அவர் மறையும்வரை கேரளம் கொண்டாடியது அவருடைய கோடுகளைத்தான். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஓர் உடம்பு, ஒரு மேலாடை, சுற்றிலும் வெள்ளைத்தாள். ஷொர்ணூர் மணலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைத்தாள்தான் நினைவுக்கு வரும்.

சரி, எந்தச் சாயம் என்ற கேள்வி. இடத்தோடு சேர்த்தேதான் இதையும் முடிவு செய்ய வேண்டும்.

வாட்டர்கலர் எனக்கு உயிர். ஆனால் காய்ந்த காற்றுக்கும் அதற்கும் ஆகாது. சித்தூரில் காலை 7 மணிக்கு வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த சாயப் பூச்சு, போட்டால் ஈரம் பத்து நிமிஷம் நிற்கும், மேகத்தை நிதானமாகத் துடைத்து எடுக்கலாம். அதே வாஷை 10 மணிக்குப் போட்டால், பிரஷ் தாளின் அடிப்பக்கம் வந்து சேர்வதற்குள் மேல்பக்கம் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். பிறகு என்ன செய்தாலும் அந்தக் கோடு போகாது. இதற்குச் சில வழிகள் உண்டு. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டவைத்தால் அடி ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் மெடிக்கல் கடை கிளிசரின் நாலைந்து சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். கூடிப்போனால் படம் வீட்டுக்கு வந்தும் பிசுபிசுக்கும், அதனால் அளவு முக்கியம். எல்லாவற்றையும்விட முக்கியம், தாளில் நேர் வெயில் விழக் கூடாது. வெயிலில் வெள்ளைத்தாள் அத்தனை பளிச்சென்று இருப்பதால் சாயத்தைத் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் போட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்து விரித்தால் படம் இருண்டு கிடக்கும். குடை வேண்டும், அதுவும் கறுப்புக் குடை. சிவப்பும் நீலமும் தாளில் தங்கள் நிறத்தைக் கொட்டும். கேரளத்துப் பெரிய கறுப்புக் குடைக்கு நிகராக ஓவியக் கடைகளில் ஒன்றும் கிடையாது.

புதிதாக வரைய வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது போஸ்டர் கலர் அல்லது குவாஷ். காய்ந்தால் காயட்டும், அதன் மேலேயே அடுத்த நிறத்தை வைக்கலாம். வெளிர் நிறம் காய்ந்தால் சற்று இருளும், அடர் நிறம் சற்று வெளுக்கும், இதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களின் கொன்றைக்கு இது ரொம்பவே கைகொடுக்கும். விஷுவையொட்டிப் பூத்த சரக்கொன்றை மே மாதத்திலும் அங்கங்கே தொங்கிக்கொண்டிருக்கும். இருண்ட பச்சையின் முன்னால் அந்த மஞ்சள் சரத்தை வாட்டர்கலரில் தாளை மிச்சம் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும், குவாஷில் பச்சையைப் பூசிவிட்டு லெமன் மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்தால் முடிந்தது.

அக்ரிலிக் இந்த வெயிலில் தட்டிலேயே தோல் கட்டிவிடுகிறது. ஈரப் பஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்த மூடிபோட்ட டப்பா இருந்தால் சமாளிக்கலாம், பிரஷைத் தண்ணீரிலிருந்து ஒரு நிமிஷம் வெளியே விட்டால் போய்விடும். ஆயில் மட்டும்தான் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் ஈரப் படத்தைப் பஸ்ஸில் கொண்டுவருவதும், அதில் ஒட்டும் தூசும் பூச்சியும் பெரிய பாடு. டர்பன்டைன் எளிதில் தீப்பற்றக்கூடியது, ரயிலில் அனுமதி இல்லை. கார் உள்ளவர்கள் கல்பாத்தித் திண்ணைக்கு ஆயில் கொண்டுபோகலாம், வாசனைக்கு வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு. குழந்தைகளுக்கு ஆயில் பேஸ்டல் கொடுப்பவர்கள் டப்பாவை நிழலிலேயே வையுங்கள், குழைந்துபோகும்.

நீ கேட்ட மூன்று நாளுக்கு வருகிறேன் தம்பி. மே இரண்டாவது வாரம் வாருங்கள். முதல் வாரமும் பரவாயில்லை. கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், ஜூன் 1-ஐ ஒட்டி எப்போது வேண்டுமானாலும் கேரளத்தில் பருவமழை இறங்கிவிடும். கோபாலபுரம் வழியாக வந்து நம் வீட்டிலேயே தங்கலாம். மூன்று நாளும் விடியற்காலை சித்தூர்தான், ஒரே இடத்தில், ஒரே வடகரை மரத்தடியில். இடத்தை மாற்றிக்கொண்டே போனால் மூன்று அரைகுறைப் படங்கள் மிஞ்சும். அதே மலையை மூன்று காலை பார்த்தால் மூன்றாம் நாள் கை தானாகப் போகும். அதில் ஒரு நாள் மட்டும் 9.30-க்குக் கிளம்பிக் கல்பாத்தி போய், திண்ணையில் உட்கார்ந்து பகலைக் கழிக்கலாம். மாமியிடம் நான் சொல்லிவைக்கிறேன். உங்களில் வீடு, தெரு, கட்டடம் என்று வரைய ஆசைப்படுகிறவர் அதிகம் என்றால் இதைத் திருப்பிப் போட்டு, கல்பாத்தியில் இரண்டு நாள், சித்தூரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒற்றப்பாலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். நவம்பரில் வாருங்கள், தண்ணீர் பரந்து கிடக்கும்போது, முழு நாளும் உட்காரலாம், அப்போது நானும் கூட வருகிறேன்.

ஆளுக்கு ஒரு கறுப்புக் குடை, இரண்டு லிட்டர் தண்ணீர், வெளிர்நிறப் பருத்திச் சட்டை. கல்பாத்திக்கு வருகிற அன்று மட்டும் பிரஷ் கழுவிய தண்ணீரைக் கொட்ட ஒரு காலி பாட்டில் கூடுதலாக எடுத்து வாருங்கள், கோலம் போட்ட வாசலில் கொட்ட முடியாது. சித்தூர் ரோட்டில் அந்த வாரம் நொங்கு வந்திருக்கும். முதல் நாள் காலை வரைந்து முடித்துத் திரும்பும்போது சாப்பிட, நான் சொல்லி எடுத்து வைக்கிறேன்.